ஒரே ஒரு தடவை அலசிய டேங்க்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டது ஒரு சின்னக் கேள்வி. "அம்மா, அப்பா நம்ம கொல்லையில ஒரு மருந்து அடிப்பாரே, புல்லு அப்படியே நிக்கும், களைப் பூண்டு மட்டும் சாவுமே, அதும் பேரு இன்னா?" அடுப்பில் பால் வைத்திருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் எதுவும் இல்லை. மருந்தின் பெயர் எனக்குத் தெரியாமலும் இல்லை. பெயரைச் சொன்னால் அதற்குப் பின்னால் வருவதையும் சொல்ல வேண்டும். அதைப் போனில் சொல்ல என்னால் முடியாது. அதனால் எழுதுகிறேன். வேலையை விட்டுவிட்டு நம் ஊர் தாமலுக்கு வந்து மாடு வைக்கப் போவதாக முடிவு செய்திருக்கிறாய். ராஜினாமா கொடுப்பதற்கு முன் இதை முழுதாகப் படித்துவிடு.

நீ கேட்டது டூ-ஃபோர்-டி. களைக்கொல்லிகளில் அது பழையது. முப்பது வருடம் நான் பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்தியவள் என்பதால் இதை எனக்குத் தெரிந்த விதத்தில் சொல்கிறேன். புல் ஒருவித்திலைத் தாவரம். பார்த்தீனியம், சாரணை, நாயுருவி, எருக்கு எல்லாம் இருவித்திலை. ஒரு செடி வளர்வதற்குத் தன் உடம்பிலேயே ஒரு பொருளைச் சுரக்கிறது. இந்த மருந்து அந்தப் பொருளைப் போலவே நடிக்கும். புல் அதைச் சமாளித்துக்கொள்ளும். அகல இலைச் செடியால் முடியாது. அது வாடிச் சாவதில்லை, வளர்ந்து சாகிறது. தண்டு முறுக்கிக்கொள்ளும், இலை கிண்ணம் போலக் குவியும், கணு வெடிக்கும், இரண்டு மூன்று வாரத்தில் காய்ந்து விழும். உன் அப்பா அடித்த வருடங்களில் மாடு மேய்கிற நம் கொல்லையில் கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் நின்றது நிஜம். மருந்தைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை.

ஆனால் அது நல்ல செடி கெட்ட செடி பார்க்காது. வேலியோரம் நாம் மாட்டுத் தீவனத்துக்கு ஆசையாக விதைத்த வேலிமசால் முதல் வருடமே போயிற்று, அதுவும் இருவித்திலைதான். அடித்த பிறகு பதினைந்து நாள் மாட்டை உள்ளே விடாதே. மருந்து பட்ட களை சாவதற்கு முன் ருசி மாறும். சாதாரண நாளில் மாடு முகர்ந்துவிட்டு ஒதுக்குகிற விஷச் செடியைக்கூட அப்போது மேய்ந்துவிடும். நம் சிவப்புப் பசு மூன்று நாள் எழுந்திருக்காமல் கிடந்தது அப்படித்தான். காற்று அடிக்கும்போது தெளிக்காதே. ஏரிக் கால்வாய்ப் பக்கம் பத்தடி விட்டுவிடு. பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன்பே அடிக்க வேண்டும். இப்போது கொல்லை முழுக்க வெள்ளையாகப் பூத்துவிட்டது, இந்த வருடம் கையுறை போட்டுப் பிடுங்கி எரிப்பதுதான் வழி. வேலிகாத்தான் முள்மரத்துக்கு மேலே தெளிப்பது வீண். தரையோடு வெட்டி, வெட்டிய கட்டையின் மீது அப்போதே பிரஷ்ஷால் அதற்கான மருந்தைப் பூச வேண்டும். கட்டை காய்ந்துவிட்டால் ஏறாது. இதையெல்லாம் கடைக்காரரும் உனக்குச் சொல்வார். கடைக்காரர் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. இந்த வியாழக்கிழமைவரை அது எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. உன் அப்பாவுக்கும் தெரியும், அவர் இப்போது இல்லை.

நம் வீட்டுக்கும் கொல்லைக்கும் நடுவில், இரண்டையும் ஒட்டி, ஏகாம்பரம் வீட்டுத் துளசித் தோட்டம் இருப்பதை நீ பார்த்துத்தான் வளர்ந்தாய். விடிவதற்கு முன் அறுத்து, ஈரச் சாக்கில் கட்டி, மொபெட்டில் சின்ன காஞ்சிபுரத்து மாலை கட்டும் கடைகளுக்கு எடுத்துப்போவார். அவர் மனைவி சரோஜா, மகன் பாபு, மருமகள் செல்வி. செல்வி ஐயம்பேட்டைப் பெண், பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள், அதனால் கல்யாணமாகி வந்த பிறகும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். நீ ஹாஸ்டலிலிருந்து வரும்போதெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "இன்னா இன்ஜினியரு, அழுக்குத் துணிய மூட்ட கட்டிக்கினு வந்துட்டியா? அங்க தண்ணியே இல்லியாப்பா?" என்று உன்னை வம்புக்கு இழுப்பாளே, அவள்தான். அவள் ஏன் திடீரென்று அந்த வீட்டில் இல்லாமல் போனாள் என்று நீ கேட்டபோது, ஒத்துப்போகவில்லை என்று சொன்னேன். அது பொய்.

பதினோரு வருடம் ஆகிறது. புரட்டாசி நெருங்கிக்கொண்டிருந்தது, துளசிக்கு அதுதான் பெரிய மாதம். உன் அப்பா ஒரு நாள் காலையில் நம் கொல்லைக்கு டூ-ஃபோர்-டி அடித்துவிட்டு, முதுகில் மாட்டுகிற டேங்க்கைக் கொண்டுவந்து கிணற்றடியில் வைத்தார். "நல்லா கழுவி வச்சிடு" என்றார். எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி ஒரு தடவை குலுக்கிக் கொட்டிக் கவிழ்த்துவிட்டுப் போனேன். வாஷிங் சோடா போட்டு ஊற வைத்து மூன்று தடவை அலச வேண்டும், குழாயிலும் தெளிக்கிற மூக்கிலும் தண்ணீரை அடித்து வெளியேற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்த தப்பு என்று சொல்லிக்கொள்ள எனக்கு இடமே இல்லை.

மறுநாள் சாயங்காலம் செல்வி வேலியருகில் வந்து நின்றாள். துளசி இலைக்கு அடியில் பூச்சி, வேப்பெண்ணெய் அடிக்க வேண்டும், அவர்கள் டேங்க்கின் கைப்பிடி உடைந்துவிட்டது, பாபு ஊரில் இல்லை. "அத்த என்னையே அடிக்கச் சொல்றாங்க டீச்சர். உங்க டேங்க்கு கெடைக்குமா?" நம் பக்கத்தில் மண்வெட்டி மாதிரிதான் டேங்க்கும், கேட்டால் கொடுப்போம். நான் யோசிக்கவே இல்லை. கவிழ்த்து வைத்திருந்ததை எடுத்து வேலிக்கு மேலே என் கையால் தூக்கிக் கொடுத்தேன். வேப்பெண்ணெய் தண்ணீரில் கரைவதற்கு அவள் சோப்புக் கரைசல் சேர்த்திருக்கிறாள். வெறும் தண்ணீருக்கு வராமல் டேங்க்கின் சுவரிலும் ரப்பர் குழாயிலும் ஒட்டிக்கொண்டிருந்த மருந்தை அந்தச் சோப்பும் எண்ணெயும் சுத்தமாக வழித்து எடுத்துக்கொண்டு போயிருக்கும். வரிசை வரிசையாக, இலைக்கு அடியிலும் படும்படி, பொறுமையாக அடித்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லா அடிக்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் துளசியின் கொழுந்து முறுக்கிக்கொண்டது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு முந்தின நாள்தான் பார்த்தீனியம் அதே மாதிரி முறுக்கிக்கொண்டதை நம் கொல்லையில் பார்த்திருந்தேன். வாரக் கடைசியில் தண்டு வெடித்துத் தோட்டமே தலை கவிழ்ந்தது. புரட்டாசி பிறக்கும்போது அறுப்பதற்கு ஒரு கைப்பிடி இல்லை.

இனிமேல்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டும். வேப்பெண்ணெய் அடித்துச் செடி சாகாது என்று ஏகாம்பரத்துக்குத் தெரியும். அப்படியானால் வேறு என்ன என்று அந்த வீட்டில் தேடியபோது, சரோஜாவுக்கு ஒரு காரணம் கிடைத்தது. மாதவிலக்கில் தூரமாக இருக்கும் பெண் துளசியின் பக்கத்திலேயே போகக்கூடாது என்பது அவர்கள் வீட்டில் கட்டளை. பெருமாளுக்குப் போகிற துளசி. நாள் கணக்குப் பார்த்து, செல்வி அன்றைக்குத் தூரமாக இருந்திருக்கிறாள், சொல்லாமல் மறைத்துத் தோட்டத்துக்குள் போயிருக்கிறாள் என்று சரோஜா பிடித்துக்கொண்டாள். வேலியோரத்தில் நின்று அவள் கத்தியது எனக்கு வீட்டுக்குள் கேட்டது. "கற்பூரம் ஏத்தட்டுமா? அடிச்சு சத்தியம் பண்ணுடி. நான் தூரமா இல்லன்னு சொல்லுடி, உட்டுட்றேன்!" செல்வியின் குரல் கேட்கவே இல்லை. அவள் ஏன் பேசவில்லை என்று எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

மறுநாள் மத்தியானம் பின்கட்டு வழியாக என் சமையலறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "டீச்சர், நான் அன்னிக்கு நெஜமாவே தூரந்தான். அத்தகிட்ட சொன்னா வேலைக்கு டிமிக்கி குடுக்கறேன்னு சொல்லுவாங்கன்னு வாய மூடிக்கினு போயிட்டேன். சத்தியம் எப்படிப் பண்றது?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்கதான பயாலஜி டீச்சர். அப்படித் தொட்டா செடி சாவுமா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் மூடநம்பிக்கைம்மா. அப்படியெல்லாம் சாகாது" என்றேன்.

"அப்பறம் எப்படி டீச்சர் செத்துச்சு?"

அந்தக் கேள்விக்கு உலகத்தில் பதில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவள் திருப்பித் தந்திருந்த டேங்க் அப்போது எங்களுக்கு இரண்டு கை தூரத்தில், கதவுக்குப் பின்னால் இருந்தது. "ஏதாவது நோயா இருக்கும்மா" என்றேன். "அத நீங்க அத்தகிட்ட வந்து ஒரு வார்த்த சொல்றீங்களா?" என்றாள். பார்க்கலாம் என்றேன். போகவில்லை.

ஏன் போகவில்லை என்று நீ கேட்பாய். நம் கொல்லைக்குத் தனி வழி கிடையாது. ஏகாம்பரத்தின் வரப்பு ஓரமாகத்தான் நம் மாடு போய் வர வேண்டும். அந்த வழி எந்தப் பத்திரத்திலும் இல்லை, அவர்கள் விட்டு வைத்திருப்பதால் இருக்கிறது. தோட்டம் செத்ததற்கு நாம்தான் காரணம் என்று தெரிந்தால் மறுநாளே முள் போட்டு அடைத்துவிடுவார்கள் என்று பயந்தேன். இது ஒன்று. இன்னொன்று, அந்தத் தெருவில் யாராவது மருந்து வாங்கினால் டீச்சர்கிட்ட கேட்டுட்டு அடி என்பார்கள். அந்தப் பெயரை இழக்க எனக்கு மனம் வரவில்லை. இரவு உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டிலிருந்து தலை நிமிராமல், "நீ கழுவல்லன்னு யாருக்குத் தெரியும்? மாமியா மருமவ சண்ட, பத்து நாள்ல ஆறிப்பூடும். சும்மா கெட" என்றார். பழியை அவர் மேல் போடுவதற்காக இதை எழுதவில்லை. அவர் சும்மா இரு என்று சொல்ல வேண்டும் என்றுதான் அவரிடம் சொன்னேன்.

பத்து நாள் இருந்துவிட்டு வா என்று செல்வியை ஐயம்பேட்டைக்கு அனுப்பினார்கள். செத்த செடிகளைப் பிடுங்கி எரித்தார்கள். இரண்டு மாதம் கழித்துப் புதுக் கன்று நட்டார்கள். இந்த மருந்து மண்ணில் அதிக நாள் நிற்காது, நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும். இதுவும் எனக்குத் தெரியும். புதுக் கன்று தளதளவென்று வந்தது. சரோஜா ஒரு நாள் வேலியருகில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். "பாத்தீங்களா டீச்சர்? அவ காலு வெளிய போச்சு, தோட்டம் எழுந்துக்கிச்சு. இதுக்கு மேல ஒரு சாட்சி வேணுமா?" அதுவரை கோபத்தில் சொன்னது அன்றைக்கு நிரூபணம் ஆகிவிட்டது. நான் வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த முறைதான் அது: ஒன்றை மட்டும் மாற்று, என்ன நடக்கிறது என்று பார். சரோஜா மாற்றியது ஒன்று இல்லை, இரண்டு. இரண்டாவது நம் டேங்க், அது அந்தத் தோட்டத்துக்குள் மறுபடி போகவில்லை என்று எனக்கு மட்டும் தெரியும். "ஆமா, நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பத்து நாள் என்பது பிறகு நீண்டது. கோர்ட்டுக்கெல்லாம் போகவில்லை, பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். அடுத்த வருடம் பாபுவுக்கு வேறு பெண் பார்த்துக் கல்யாணம் செய்தார்கள். நாம் மூன்று பேரும் போய்ச் சாப்பிட்டோம். நீ லீவில் வந்திருந்தாய், பாயசம் இரண்டு தடவை வாங்கிக்கொண்டாய். உனக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு அந்தச் சாதம் எப்படி இறங்கியது என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஆனால் இறங்கியது.

உன் போன் வந்த பிறகு நான்கு நாள் பொறுத்துப் பார்த்தேன். வியாழக்கிழமை ஐயம்பேட்டைக்குப் போனேன். செல்வி இப்போது கம்பெனி வேலைக்குப் போகிறாள், கம்பெனி பஸ் சாயங்காலம் ரோட்டு முனையில் இறக்கிவிடும் என்று விசாரித்து வைத்திருந்தேன். இறங்கியவள் என்னைப் பார்த்ததும் சிரித்தாள். "இன்னா டீச்சர், இவ்ளோ தூரம்? முட்டிவலியோட ஷேர் ஆட்டோவுலயா வந்தீங்க?" என்றாள். அங்கேயே, மூடியிருந்த ஒரு டீக்கடையின் பெஞ்சில் உட்கார வைத்துச் சொன்னேன். டேங்க், ஒரு வாளித் தண்ணீர், சோப்பு, முறுக்கிய கொழுந்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மன்னிப்பு என்ற வார்த்தையை எடுக்கவில்லை, அதற்கு எனக்கு யோக்கியதை இருப்பதாகத் தோன்றவில்லை.

அவள் பையின் வாரைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தாள். "நான் அன்னிக்கே கேட்டனே டீச்சர்" என்றாள். "பதினோரு வருசமா பூ கூட நான் கையால கிள்ள மாட்டேன். கம்பெனியில பொண்ணுங்க கனகாம்பரம் குடுத்தா வாணாம்னு சொல்லிடுவேன். திமிருன்னு சொல்லுவாளுங்க. என் கையில ஏதோ இருக்குதுன்னு நானே நம்பிட்டேன் டீச்சர். நீங்க மூடநம்பிக்கன்னு சொன்னீங்க. ஆனா செத்துச்சே. நீங்க சொன்னது பேச்சு, செடி செத்தது கண்ணுல பாத்தது."

ஏகாம்பரம் வீட்டில் வந்து சொல்கிறேன் என்றேன். "மொதல்ல எங்கம்மாகிட்ட சொல்லுங்க" என்று எழுந்தாள்.

அவள் அம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து முறத்தை வைத்துவிட்டு எழுந்து, உள்ளே கூட்டிப்போய் ஃபேனைப் போட்டார். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். களைக்கொல்லி என்றால் என்ன, துளசியை ஏன் அது கொல்லும், புதுக் கன்று ஏன் பிழைத்தது என்று வகுப்பில் சொல்வதைவிட நிதானமாகச் சொன்னேன். அந்த அம்மாள் கடைசிவரை கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் இரண்டு கையையும் பிடித்து, "நீங்க பெரிய மனசு டீச்சர். எம்பொண்ணு மனசு ஆறட்டும்னு இந்த வயசுல பழிய உங்க தலமேல போட்டுக்கினு வந்து நிக்கறீங்களே. யாரு செய்வா?" என்றார்.

"இல்லம்மா, நெஜமாவே நான்தான்."

"இருக்கட்டும் டீச்சர், இருக்கட்டும். நடந்தது நடந்துபோச்சு. அவ தலையெழுத்து. காப்பி சாப்பிடுங்க."

மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் அவர் தலையை ஆட்டி, என் நல்ல குணத்தைப் புகழ்ந்தார். பதினோரு வருடத்துக்கு முன் வேலியோரத்தில் நின்று ஒரு தடவை சொல்லியிருந்தால் உண்மையாக நின்றிருக்க வேண்டியது, இப்போது ஒரு கிழவியின் இரக்கமாக மாறிவிட்டது.

பஸ் ஏற்றிவிடச் செல்வி ரோட்டு முனைவரை வந்தாள். பஸ் வருவது தெரிந்ததும், "நான் நம்பறேன் டீச்சர்" என்றாள். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, உடனே, "சந்தோசப்படாதீங்க. அம்மா மாதிரி நம்பாம இருந்தா எனக்கு ராத்திரி தூக்கமாவது வரும். என் தப்பு இல்லன்னு தெரிஞ்சிக்கினு நாளைக்கிக் காலைல நான் எப்படி எழுந்து வேலைக்குப் போவேன்? போன இத்தினி வருசத்த யார்கிட்ட போயி கேப்பேன்?" என்றாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் திரும்பி நடந்துகொண்டிருந்தாள்.

உனக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். களைக்கொல்லிக்கு என்று தனி டேங்க் வாங்கு, வேறு எதற்கும் அதைத் தொடாதே, அண்ணன் தம்பியே கேட்டாலும் வேலி தாண்டிக் கொடுக்காதே. இத்தனைக்கு மேலும் ஒரு நாள் கை தவறும். விவசாயத்தில் தவறாத கை கிடையாது. தவறினால் அன்று சாயங்காலத்துக்குள் போய்ச் சொல்லிவிடு. நஷ்டம் கேட்பார்கள், திட்டுவார்கள், வழியை அடைப்பார்கள். அதையெல்லாம் தாங்கலாம். ஒரு நாள் தள்ளினால் அந்த இடத்தில் வேறு ஒரு காரணம் வந்து உட்கார்ந்துவிடும், அந்தக் காரணத்துக்கு ஒரு ஆள் அகப்படும், பிறகு நீ சொன்னாலும் கேட்க ஆள் இருக்காது.

நாளைக் காலையில் ஏகாம்பரம் வீட்டுக்குப் போகிறேன். செல்வி கேட்டுப் போகவில்லை. அதனால் அவளுக்கு எதுவும் திரும்பக் கிடைக்கப் போவதில்லை. பாபுவுக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், சரோஜாவுக்குப் பார்வை குறைந்துவிட்டது. அவர்களும் என் பெரிய மனதைப் புகழலாம். அல்லது வரப்பில் முள் போடலாம். போட்டால் நம் கொல்லைக்கு மாடு போக முடியாது, நீ போட்டிருக்கும் திட்டம் எல்லாம் நின்றுபோகும். அதனால்தான் ராஜினாமா கொடுக்காமல் ஒரு வாரம் பொறு என்கிறேன். என் மேல் உனக்குக் கோபம் வந்தால் அது நியாயமான கோபம், அதை நானே வாங்கிக்கொள்கிறேன்.

தினமும் போகிற வரப்பு வழியாக நாளைக்குப் போக மாட்டேன். அந்தப் பக்கமாகப் போனால் பின்கட்டில் உட்கார வைத்து, மெதுவாகப் பேசி, மெதுவாகவே முடித்துவிடுவார்கள். தெருவைச் சுற்றிக்கொண்டு போய், அவர்கள் வாசலுக்கு முன்னால், தெருவிலேயே நின்று, சரோஜா என்று சத்தமாகக் கூப்பிடப் போகிறேன்.

உன் அம்மா